டெட் உளவியல்: சொற்குழப்பத்தில் மதிப்பெண் போகாமல் இருக்க

2019 ஜூனில் ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) இரண்டாம் தாளை முதல்முறை எழுதினேன். என் பிரிவுக்கு அப்போது 82 வேண்டும், வந்தது 79. விடைக்குறிப்பை வைத்துக் கூட்டிப் பார்த்தால் கணக்கும் அறிவியலும் கைகொடுத்திருந்தன, தமிழும் பரவாயில்லை. உளவியலில் 30க்கு 13. பி.எட்.டில் உளவியலில் நல்ல மதிப்பெண் எடுத்தவள் என்ற தெம்பில் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் போயிருந்தேன். 2023 பிப்ரவரியில் இரண்டாவது முறை, ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் படித்துவிட்டே போனேன். 81. ஒரே ஒரு மதிப்பெண். அன்று வீட்டில் யாரோடும் பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து, தவறவிட்ட உளவியல் கேள்விகளை மட்டும் தனியாக எழுதிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்த பாடம். கேள்வியில் வந்திருந்த தமிழ்ச்சொல்தான் நான் படித்த சொல் இல்லை. 2025 நவம்பரில் மூன்றாவது முறை எழுதியபோது தற்காலிக விடைக்குறிப்புப்படி உளவியலில் 25. இடையில் என்ன செய்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். புதிதாக எழுதப் போகிறவர்களுக்கு இரண்டு வருடமாவது மிச்சமாகட்டும்.

1. உங்களுக்கு எந்தத் தாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குத் தாள் ஒன்று, ஆறு முதல் எட்டுக்குத் தாள் இரண்டு. ஆசிரியர் பட்டயப் படிப்பு முடித்தவர்கள் முதல் தாள், பி.எட். முடித்தவர்கள் இரண்டாம் தாள். இரண்டு தகுதியும் இருந்தால் இரண்டையும் எழுதலாம். இரண்டிலும் 150 கேள்வி, 150 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விட வேண்டாம்.

உளவியலுக்கு இரண்டு தாளிலும் 30 மதிப்பெண். ஆனால் வயது வேறு. முதல் தாளில் 6 முதல் 11 வயதுக் குழந்தை, இரண்டாம் தாளில் 11 முதல் 14. முதல் தாளுக்கான கைடை வாங்கி இரண்டாம் தாளுக்குப் படிப்பவர்கள் நிறையப் பேர். அதில் குமரப் பருவம் பெயருக்குத்தான் இருக்கும்.

பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 60 சதவீதம், அதாவது 90. மற்றப் பிரிவினருக்கான தளர்வை அரசு மாற்றக்கூடும். நான் சொன்ன 82ஐப் பிடித்துக்கொண்டிருக்காமல் நீங்கள் எழுதும் வருட அறிவிக்கையைப் பாருங்கள். ஒரு நல்ல செய்தி: தகுதிச் சான்றிதழ் முன்பு ஏழு ஆண்டுதான் செல்லும், இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும்.

2. காகிதங்களை இப்போதே எடுத்து வையுங்கள்

விண்ணப்பம் திறந்த பிறகு தேடினால் ரத்தக்கொதிப்புதான் மிஞ்சும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் அல்லது பட்டயம், பி.எட். மதிப்பெண் பட்டியல்களும் சான்றிதழ்களும், சாதிச் சான்றிதழ், மாற்றுத்திறனாளி என்றால் அதற்கான சான்றிதழ், ஆதார், சமீபத்தில் எடுத்த புகைப்படம், கையெழுத்தின் ஸ்கேன். இவ்வளவுதான். ஆனால் நான் மாட்டிக்கொண்ட இடங்கள் மூன்று.

முதலாவது இனிஷியல். பத்தாம் வகுப்பில் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பி.எட். சான்றிதழில் இனிஷியல் முன்னால். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்தில் போடுங்கள்.

இரண்டாவது, கல்யாணமான பெண்களுக்கு. சாதிச் சான்றிதழ் அப்பா பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் வாங்கியதை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருந்தேன். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மறுபடி விண்ணப்பித்து, கைக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

மூன்றாவது, தமிழ்வழியில் படித்த சான்றிதழ். இது டெட்டுக்குத் தேவைப்படாது. ஆனால் டெட் தகுதித் தேர்வு மட்டும்தான். 2018இல் வந்த அரசாணை 149இன்படி பணி நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு உண்டு. அங்கே 20 சதவீத ஒதுக்கீடு கேட்பதானால் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழி என்று ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் கையெழுத்து வேண்டும். நான் ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளியை மூடியே பத்து வருடம் ஆகியிருந்தது. உங்களுக்கும் அப்படி என்றால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள், பழைய சேர்க்கைப் பதிவேடு அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. பள்ளி விடுமுறைக் காலத்தில் போகாதீர்கள்.

3. காலமும் செலவும்

2025இல் ஆகஸ்ட் 11ஆம் தேதி அறிவிக்கை வந்தது. தேர்வு முதலில் நவம்பர் 1, 2 என்றார்கள், அப்புறம் 15, 16க்குத் தள்ளிப்போனது. ஆக, அறிவிப்புக்கும் தேர்வுக்கும் நடுவில் மூன்று மாதம். வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, ஐந்து பகுதிகளையும் மூன்று மாதத்தில் முடிக்க முடியாது. உளவியலை மட்டுமாவது அறிவிக்கைக்கு முன்பே முடித்துவிடுங்கள்; அது வருடா வருடம் மாறாத பாடம்.

கட்டணம் அந்த முறை 600 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகளுக்கு 300. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட 150 வாங்கினார்கள். மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். என் தோழி ஒருத்தி கடைக்காரர் எண்ணைக் கொடுத்துவிட்டு ஓடிபிக்காக மூன்று தடவை அவர் கடைக்கு நடந்தாள்.

பயிற்சி மையத்துக்கு இரண்டாவது முறை நான் கட்டியது 9,000. மூன்றாவது முறை பட்டயப் படிப்பின் உளவியல் பாடநூல், பி.எட். நூல் ஒன்று, பழைய வினாத்தாள்களின் ஜெராக்ஸ், ஒரு நீள நோட்டு: எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் முடிந்தது. மையங்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கணக்குக்கு அங்கே நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். உளவியலுக்குத் தந்தது மட்டும் நூறு பக்க ஒருவரிக் குறிப்பு. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

4. சொல் நோட்டு போடுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. நோட்டில் நான்கு கட்டம் பிரியுங்கள். முதல் கட்டத்தில் ஆங்கிலப் பெயர். இரண்டாவதில் நீங்கள் பார்க்கும் தமிழ்ச்சொற்கள் அத்தனையும். மூன்றாவதில் உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ நடந்த ஒரு சம்பவம். நான்காவதில் இதை எதனோடு குழப்பிக்கொள்வோம் என்பது.

ஏன் இத்தனை பாடு? உளவியலுக்குத் தமிழில் ஒரே கலைச்சொல் பட்டியலை எல்லா நூலும் பின்பற்றுவதில்லை. 'குரோத்', 'டெவலப்மென்ட்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். உயரம், எடை கூடுவது ஒன்று. நடை, பேச்சு, சிந்தனை என்று தன்மை மாறுவது இன்னொன்று. ஒரு நூல் முதலாவதை வளர்ச்சி என்றும் இரண்டாவதை மேம்பாடு என்றும் சொல்லும். இன்னொன்று இரண்டாவதை முன்னேற்றம் என்னும். மூன்றாவது நூல் இரண்டுக்குமே வளர்ச்சி என்று எழுதிவிட்டுப் போய்விடும். கேள்வியில் 'வளர்ச்சி' என்று வந்தால் எதை நினைப்பது? தமிழோடு ஆங்கிலத்திலும் கேள்வி அச்சாகியிருக்கும். முதல் கட்டத்தில் ஆங்கிலப் பெயரை எழுதி வைக்கச் சொல்வது அந்த வரியைப் பார்த்து முடிவு செய்யத்தான்.

'காட்சி' என்று முடிகிற சொற்கள் இன்னொரு குழி. புலன்வழி வந்ததற்கு மூளை பொருள் கொடுப்பது புலன்காட்சி. இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று பார்த்துத் துள்ளுவது திரிபுக்காட்சி. அங்கே கயிறும் இல்லை, ஒன்றும் இல்லை, ஆனாலும் பாம்பு தெரிகிறது என்றால் அது இல்பொருள் காட்சி. உட்காட்சி என்பது இந்தக் குடும்பமே இல்லை. யோசித்துக்கொண்டிருக்கும்போது தீர்வு சட்டென்று பிடிபடுவது, கற்றல் பாடத்தில் வருவது. நான்கையும் நான்கு விடைகளாகக் கொடுத்தால் பதற்றத்தில் கை எங்கேயும் போகும்.

ஆர்வம், நாட்டம், மனப்பான்மை ஆகிய மூன்றையும் இப்படியே பிரித்து எழுதுங்கள். பேச்சுவழக்கில் ஆர்வமும் நாட்டமும் ஒன்றுதான். உளவியல் நூலில் நாட்டம் என்றால் ஒரு துறையில் பயிற்சி கொடுத்தால் மேலே வரக்கூடிய திறன், ஆங்கிலத்தில் 'ஆப்டிட்யூட்'. என் வகுப்பில் ஒரு பையனுக்குக் கிரிக்கெட்டில் ஆர்வம் கொள்ளை கொள்ளையாக இருக்கிறது, நாட்டம் துளியும் இல்லை. பந்து அவன் கையில் நின்றதே கிடையாது. என் நோட்டில் மூன்றாவது கட்டத்தில் அவன்தான் இருக்கிறான்.

தற்காப்பு நடத்தைகளை, அதாவது தோல்வியிலிருந்தும் குறையிலிருந்தும் மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளைப் பழமொழியோடு படிப்பது நம் பழக்கம். 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' என்பது கிடைக்காததற்குக் காரணம் கற்பித்துக்கொள்வது. இதில் சண்டை இல்லை. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பதை நான் வைத்திருந்த இரண்டு கைடுகளில் ஒன்று புறத்தெறிதல் என்றது, இன்னொன்று காரணம் கற்பித்தல் என்றது. பழமொழியை மனப்பாடம் செய்யாமல் வரையறையைப் படியுங்கள்: தன் குறையை அடுத்தவர்மேல் ஏற்றுவது புறத்தெறிதல், தன் தோல்விக்குக் கேட்கிறவர் ஒப்புக்கொள்ளும்படி ஒரு சாக்குச் சொல்வது காரணம் கற்பித்தல்.

5. பியாஜேயை அடுக்களையில் படியுங்கள்

குழந்தையின் சிந்தனை வளர்வதைப் பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன அறிதிறன் வளர்ச்சியின் நான்கு நிலைகளையும் அவற்றின் வயதையும் (0-2, 2-7, 7-11, 11க்கு மேல்) எல்லோரும் ஒப்பிப்பார்கள். கேள்வி அப்படி நேராக வருவது குறைவு. 'ஒரு குழந்தை இப்படிச் செய்கிறது, அது எந்த நிலை?' என்று வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்து, ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் மோர் ஊற்றினேன். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு எட்டு. இரண்டிலும் சமமா என்று கேட்டேன், சமம் என்றார்கள். ஒரு டம்ளர் மோரை மட்டும் ஒல்லியான உயரமான கண்ணாடிக் கிளாஸில் மாற்றினேன். மகள் உடனே 'இதுலதான் நிறைய இருக்கு, எனக்கு இதுதான்' என்று இழுத்துக்கொண்டாள். மகன் சிரித்துவிட்டு, 'அதே மோர்தானே, திருப்பி டம்ளர்ல ஊத்திப் பாரு' என்றான். உருவம் மாறினாலும் அளவு மாறாது என்கிற மாறாத்தன்மை அவளுக்கு இன்னும் வரவில்லை. 'திருப்பி ஊத்திப் பாரு' என்றானே, அதுதான் மீள்தன்மை, பின்னோக்கிச் சிந்திப்பது. இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை அதன்பிறகு நான் படிக்கவே இல்லை. உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டு உட்கார வையுங்கள், செலவு இரண்டு டம்ளர் மோர்.

தன்வயமாதலுக்கும் பொருந்துதலுக்கும் என் நோட்டில் இருப்பது ஓணான். பல்லியைத் தெரிந்த குழந்தை வேலியில் ஓணானைப் பார்த்து 'பெரிய பல்லி' என்கிறது. புதியதைப் பழைய கட்டமைப்புக்குள் போட்டுக்கொள்வது தன்வயமாதல். தலையை ஆட்டுகிறது, முதுகில் முள் இருக்கிறது, இது வேறு என்று தன் கட்டமைப்பையே மாற்றிக்கொள்வது பொருந்துதல். பொருந்துதலுக்கு வேறு நூல்களில் வேறு பெயர்கள் இருக்கும், பார்த்ததும் இரண்டாம் கட்டத்தில் சேர்த்துக்கொண்டே போங்கள்.

வைகாட்ஸ்கிக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அண்மை வளர்ச்சி மண்டலம், அதாவது குழந்தை தனியாகச் செய்ய முடியாமல் இன்னொருவர் உதவியோடு செய்யக்கூடிய எல்லை, அவருடையது. குழந்தைக்குத் தேவையான அளவு மட்டும் தாங்கல் கொடுத்து, பழகப் பழக அதை எடுத்துவிடும் 'சாரம் அமைத்தல்' அவர் கருத்தை ஒட்டியது என்றாலும், அந்தச் சொல்லை 1976இல் கொண்டுவந்தவர்கள் வுட், புரூனர், ராஸ். கட்டடத்துக்குச் சாரம் கட்டி, பூச்சு முடிந்ததும் பிரித்துவிடுகிறோம் அல்லவா, அதே சாரம்தான்.

6. எதிர்மறை வலுவூட்டல் தண்டனை இல்லை

இரண்டு தேர்விலும் நான் தப்பாகப் போட்டது இது. 'எதிர்மறை' என்ற சொல்லைக் கேட்டதும் பிரம்பு ஞாபகம் வந்துவிடுகிறது. ஸ்கின்னரிடம் எதிர்மறை என்பதற்கு ஒன்றை நீக்குவது என்றுதான் பொருள்.

இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நடத்தை கூடுகிறதா, குறைகிறதா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. அடுத்து, எதையாவது கொடுத்தார்களா, எடுத்தார்களா? கொடுத்தால் நேர், எடுத்தால் எதிர்மறை.

'இந்தக் கணக்கை வகுப்பிலேயே முடித்தவர்களுக்கு இன்று வீட்டுப்பாடம் கிடையாது' என்கிறார் ஆசிரியர். பிள்ளைகள் வேகமாக முடிக்கிறார்கள். நடத்தை கூடியது, பிடிக்காத ஒன்று நீங்கியது: எதிர்மறை வலுவூட்டல். 'சத்தம் போட்டால் பி.டி. பீரியட் கட்' என்று சொல்லி, சொன்னபடி எடுத்தும் விடுகிறார், சத்தம் குறைகிறது. இதிலும் எடுத்ததுதான், ஆனால் குறைந்தது, ஆகவே தண்டனை. கேள்வி எந்த வேடத்தில் வந்தாலும் இந்த இரண்டில் பிடிபட்டுவிடும்.

பாவ்லோவின் நாய், தார்ன்டைக்கின் பூனை, ஸ்கின்னரின் எலியும் புறாவும், கோலரின் சுல்தான் என்ற சிம்பன்சி. ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதி, பக்கத்தில் ஆக்கநிலையுறுத்தம், முயன்று தவறிக் கற்றல், செயல்படு ஆக்கநிலையுறுத்தம், உட்காட்சி வழிக் கற்றல் என்று போட்டால் போதும். சுல்தான் குரங்கின் கோலரையும், ஒழுக்க வளர்ச்சியை மூன்று மட்டம், ஆறு படி என்று சொன்ன கோல்பர்கையும் அருகருகே எழுதாதீர்கள். நான் எழுதி, பரீட்சையில் அனுபவித்தேன்.

7. நுண்ணறிவு ஈவு: மாதமாக மாற்றிவிட்டுக் கணக்குப் போடுங்கள்

மனவயதை (அறிவு எந்த வயதுக் குழந்தையின் அளவில் இருக்கிறதோ அது) காலவயதால் (பிறந்ததிலிருந்து எண்ணும் வயது) வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். மனவயது 12, காலவயது 15 என்றால் 80. இதில் யாரும் தவறுவதில்லை. காலவயது 8 ஆண்டு 4 மாதம், மனவயது 10 என்று கொடுத்தால்தான் வம்பு. கணக்கு ஆசிரியையான நானே 8.4 என்று வகுத்து 119 என்று போட்டேன். 8 ஆண்டு 4 மாதம் என்பது 100 மாதம், 10 ஆண்டு 120 மாதம், விடை 120. பக்கத்திலேயே 119ம் ஒரு விடையாக உட்கார்ந்திருந்தது.

கில்ஃபோர்டின் நுண்ணறிவுக் கூறுகள் எத்தனை என்று கேட்டால் 120, 150, 180 மூன்றும் புத்தகங்களில் இருக்கும், மூன்றும் சரி. முதலில் 120 (5, 6, 4 பெருக்கல்), பின்னால் அவரே 150ஆகவும் 180ஆகவும் விரித்தார். கார்ட்னர் 1983இல் சொன்னது ஏழு வகை நுண்ணறிவு, இயற்கை சார்ந்ததைப் பிறகு சேர்த்து எட்டு. கேள்வியில் ஆண்டோ, 'முதலில்' என்ற சொல்லோ இருக்கிறதா என்று பாருங்கள்.

8. 'ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?'

முப்பதில் சில கேள்விகள் இப்படி இருக்கும். நம் பள்ளியில் என்ன நடக்கிறதோ அதைப் போட்டால் தப்பு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அதற்கு ஒத்துப்போகிற, குழந்தையைப் பேச விடுகிற, தவறைக் கற்றலின் பகுதியாக எடுத்துக்கொள்கிற விடையைத் தேடுங்கள். பெற்றோரைக் கூப்பிட்டுப் புகார் சொல்வது, பின்வரிசைக்கு அனுப்புவது, தலைமை ஆசிரியரிடம் ஒப்படைப்பது மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு நீக்கிவிடலாம்.

9. தேர்வு முடிந்த பிறகும் புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

எழுதிவிட்டு வந்த அன்றே புத்தகத்தைத் தங்கைக்கோ தோழிக்கோ கொடுத்துவிடுவது நம் வழக்கம். கொஞ்சம் பொறுங்கள். தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாள்கள்தான் தருவார்கள். அதற்கு ஆதாரம் கேட்பார்கள், அதுவும் தரமான பாடநூல்களிலிருந்து மட்டும். கைடு, பயிற்சி மையக் குறிப்பு எதுவும் செல்லாது. 2023இல் எனக்கு ஒரு உளவியல் கேள்வியில் சந்தேகம் இருந்தது, என்னிடம் இருந்ததோ மையத்தின் ஒருவரிக் குறிப்பு. ஒரு மதிப்பெண்ணில் போன தேர்வு அது என்பதை மறுபடி நினைவுபடுத்துகிறேன்.

இந்த முறை பாடநூலின் முகப்புப் பக்கம், பதிப்பு விவரம் உள்ள பக்கம், தேவைப்படும் என்று தோன்றிய பக்கங்கள் எல்லாவற்றையும் தேர்வுக்கு முன்பே கைபேசியில் தெளிவாக ஸ்கேன் செய்து, பாடவாரியாகப் பெயரிட்டு வைத்திருந்தேன். சொல் நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் நூலும் பக்க எண்ணும் ஓரத்தில் குறித்திருந்ததால் தேடவும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு கேள்விக்கு ஆட்சேபம் பதிவு செய்தேன். இரண்டும் சேர்த்து அரைமணி நேர வேலை.